பிளேசருக்குக் கடன் வேண்டாம், தம்பி

வட மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்து எட்டு மாதமாகும் 24 வயது இளைஞர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டதால் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். விற்பனைப் பிரிவில் வேலை, கைக்கு வருவது 21,500 ரூபாய். வீட்டுக்கு 8,000, மேன்ஷன் வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் 7,500, பஸ், போன் செலவு போக மாதம் 1,500 துணிக்கு ஒதுக்க முடியும், கையில் சேமிப்பு 3,000 இருக்கிறது என்கிறார். வேலைக்குச் சேரும்போது அப்பா துணி எடுத்து ஊர் டெய்லரிடம் தைத்துக்கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போன அன்று, கூட வேலை செய்யும் ஒருவர் எல்லோர் முன்னாலும் "இது அப்பா சட்டையா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வாரமே ஒரு பெரிய கடையின் ஆஃபரில் ஐந்து பிராண்ட் சட்டை, மூன்று பேன்ட், மொத்தம் 9,600 ரூபாய்க்குத் தவணையில் எடுத்துவிட்டார். மாதம் 1,600, இன்னும் இரண்டு தவணை பாக்கி. அந்தத் துணியிலும் ஒரு சட்டை சுருங்கிவிட்டது, ஒன்று சாயம் விட்டு வெள்ளைச் சட்டையையும் கெடுத்துவிட்டது, இன்னொன்றில் உட்கார்ந்தால் வயிற்றில் பட்டன் பிளந்துகொண்டு நிற்கிறது.

இப்போது இரண்டு மாதத்தில் அக்கா கல்யாணம். அதற்கு அடுத்த வாரமே டீம் லீடர் பதவிக்கு நேர்காணல். இரண்டுக்கும் சேர்த்து 11,000 ரூபாய் பிளேசர் ஒன்றைத் தவணையில் எடுக்கலாமா, கருப்பாக இருப்பவன் என்ன நிறம் போடலாம், பிராண்ட் இல்லாமல் நன்றாக உடுத்த முடியுமா, டெய்லர் பக்கமே இனிப் போகக்கூடாதா என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறார்.

தம்பி, உங்கள் கடிதத்தில் பணத்தைவிட அப்பா தைத்துக்கொடுத்த அந்தச் சட்டைதான் அதிக இடம் பிடித்திருக்கிறது, அதனால் அதையே முதலில் பேசிவிடுவோம். நான் பதினொரு வருடம் திருப்பூரில் கம்பெனிகளில் செக்கிங் வேலை பார்த்துவிட்டு, பதினாறு வருடமாகத் தாம்பரத்தில் தையல், ஆல்டர் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துணி நல்ல துணி. காலர் நேராக உட்கார்ந்திருக்கிறது, பாக்கெட்டில் கட்டத்துக்குக் கட்டம் சேர்த்துத் தைத்திருக்கிறார், அது கை தேர்ந்தவர் வேலை. குறை மூன்றே இடத்தில்தான்: தோள் தையல் கையில் ஒன்றரை இஞ்ச் இறங்கியிருக்கிறது, அரைக்கை முழங்கையைத் தொடுகிறது, சட்டை நீளம் அதிகம். டெய்லரைக் குறை சொல்லவும் முடியாது. "வளர்கிற பையன், கொஞ்சம் தாராளமா வைங்க" என்று அப்பா சொல்லியிருப்பார், இன்றைக்கும் பாதி அப்பாக்கள் என் கடையில் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த நண்பர் கேட்டது தவறுதான். ஆனால் அவர் கண்ணில் பட்டது பிராண்ட் இல்லாதது அல்ல, தோள் இறங்கியிருந்ததுதான். இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் நீங்கள் 9,600 ரூபாய் செலவழித்தும் அதே வருத்தத்தோடு எனக்கு எழுதுகிறீர்கள்.

பிளேசர்

வேண்டாம். எத்தனை ஆஃபர் வந்தாலும் இப்போது வேண்டாம். காரணம் வெறும் சிக்கனம் இல்லை.

அந்த விலைக்கு வரும் பிளேசர்களில் பெரும்பாலும் முன்பக்கத் துணிக்கு உள்ளே, விறைப்பாக நிற்பதற்காகப் பசை போட்ட கேன்வாஸ் என்ற உள்துணியை வைத்துச் சூடாக அழுத்தி ஒட்டியிருப்பார்கள். மட்டமான ஒட்டு சென்னை ஈரப்பதத்தில், வேர்வையில், ஓரிரு தடவை தவறாகத் துவைத்ததில் பிரிந்து, மார்புப் பக்கம் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பும். அதை யாராலும் சரிசெய்ய முடியாது. தோளும் அப்படித்தான். சட்டைத் தோளைக்கூடக் குறைக்கலாம், பிளேசர் தோளைத் தொட்டால் உள்ளே இருக்கும் பேட், லைனிங் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், பாதி டெய்லர்கள் வாங்கவே மாட்டார்கள். அப்புறம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அதைத் தாண்டினால் 18 சதவீதம். 11,000 ரூபாய் பிளேசரில் ஏறக்குறைய 1,700 ரூபாய் வரியாகவே போகிறது, உங்கள் ஒரு மாதத் துணிப் பணத்தைவிட அதிகம்.

கல்யாணத்துக்கு நீங்கள் பெண்ணின் தம்பி. பல வீடுகளில் பொரியிடும் சடங்கில் அக்கா கையில் பொரி அள்ளிப் போடப் போவது நீங்கள்தான், அதற்கு வேட்டிதான் கட்ட வேண்டியிருக்கும். முதல் நாள் இரவிலிருந்து பந்தி, மாலை, வேன் என்று ஓடப் போவதும் நீங்கள்தான். மேலும் மாப்பிள்ளை வீட்டில் மச்சினனுக்கு என்று துணி எடுக்கும் வழக்கம் உங்கள் பக்கம் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள், இருந்தால் ஒரு பேன்ட் சட்டையோ வேட்டி சட்டையோ வந்துவிடும், நிறமும் அளவும் முன்கூட்டியே சொல்லிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வரவேற்புக்குக் கோட் போட்டே ஆக வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டால், கோட் சூட் வாடகைக்குத் தரும் கடைகள் சென்னையிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் உண்டு. ஒரு வாரம் முன்னால் போய், தோள் சரியாக உட்காரும் ஒன்றைப் போட்டுப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். முன்பணம் எவ்வளவு, கறை பட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

நேர்காணலுக்கு, உங்கள் நிறுவனத்தில் இப்போதைய டீம் லீடர்கள் தினமும் என்ன உடுத்துகிறார்கள் என்று பாருங்கள். சட்டை, பேன்ட் என்றால் நீங்களும் அதுவே. அவர்களைவிட ஒரு படி மேலே போய் பிளேசரில் நின்றால் உங்களுக்கே கை எங்கே வைப்பது என்று தெரியாது.

இன்னொன்று, பாக்கி இரண்டு தவணையை நாள் தவறாமல் கட்டுங்கள். தவணைக் கடனும் கடன்தான், தவறினால் அபராதத்தோடு, கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும், நாளைக்கு வீட்டுக்கு ஏதாவது அவசரக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

தோள்தான் முதலில்

சட்டையைப் போட்டு, முதல் பட்டனைத் தவிர மற்றதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். தோள்பட்டை முடியும் இடத்தில் விரலால் தடவினால் ஒரு எலும்பு முனை தட்டும். தையல் அங்கே வந்து நிற்க வேண்டும். அதிலிருந்து கைப்பக்கம் அரை இஞ்சுக்கு மேல் இறங்கினால் சட்டை பெரிது, கழுத்துப் பக்கம் ஏறினால் சிறிது. சிறியதை வாங்கவே கூடாது, இல்லாத துணியைச் சேர்க்க எந்த டெய்லராலும் முடியாது. அடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நின்று பார்த்துவிட்டு வாங்குவதால்தான் பட்டன் பிளக்கிறது. ட்ரையல் ரூமில் நாற்காலி இல்லையென்றால் குனிந்து ஷூ லேஸ் கட்டுவதுபோல் செய்யுங்கள். காலரை மூடினால் இரண்டு விரல் நுழைய வேண்டும். முழுக்கை மணிக்கட்டு எலும்பைத் தாண்டக் கூடாது, அரைக்கை மேல்கையின் பாதியில் நிற்பது அழகு.

"நான் 40 சைஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கம்பெனியின் 40 இன்னொரு கம்பெனியின் 39 மாதிரி இருக்கும், ஸ்லிம் ஃபிட் என்றால் இன்னும் குறையும். உங்கள் உயரம் ஐந்தடி ஆறங்குலம், எடை 58 கிலோ என்று பார்த்தால் 38 ரெகுலர் ஃபிட் எடுத்து, பக்கவாட்டில் லூஸ் பிடித்துக்கொள்வதுதான் சரியாக வரும் என்று நினைக்கிறேன். போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். பக்கம் பிடிக்க எங்கள் பகுதியில் 80 முதல் 120 ரூபாய், பேன்ட் இடுப்பு குறைக்கவும் அடி மடிக்கவும் அதே அளவுதான். 700 ரூபாய் சட்டைக்கு 100 ரூபாய் ஆல்டர் செய்து போட்டால் 2,000 ரூபாய் சட்டையை அப்படியே போடுவதைவிட நன்றாக இருக்கும். இது நான் கடை வைத்திருப்பதால் சொல்லும் பேச்சு இல்லை, வாரத்துக்கு நான்கு பேராவது பெரிய பிராண்ட் பையோடு என் கடைக்கு வந்து கண்ணாடி முன் நின்று தெரிந்துகொள்ளும் விஷயம்.

கடையில் துணியைப் பார்ப்பது

சாயம் விட்ட சட்டையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். திருப்பூரில் சரக்கு ஏற்றுமதிக்குப் போகும் முன், நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்போம். நீங்களும் செய்யலாம். கைக்குட்டையின் ஒரு முனையை நனைத்து விரலில் சுற்றிக்கொண்டு, அடர்நிறச் சட்டையின் உள்பக்கம், கீழ் மடிப்பில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் லேசான நிழல் விழுந்தால் பரவாயில்லை, முதல் சில துவைப்புக்குத் தனியாக ஊறவைத்தால் போதும். பளிச்சென்று ஒட்டினால் அப்படியே மடித்து வைத்துவிட்டு வந்துவிடுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

துணியை ஒரு கைப்பிடி கசக்கிப் பத்து எண்ணிவிட்டு விடுங்கள். கசங்கியது கசங்கியபடியே நின்றால் தினமும் இஸ்திரி கேட்கும். முழு காட்டன் வேர்வைக்கு நல்லது, ஆனால் இஸ்திரிக்குத் தீராது. பாதிக்கு மேல் காட்டனும் மீதி பாலியஸ்டரும் கலந்தது மேன்ஷன் வாழ்க்கைக்கு நடுவாக வரும். காட்டன் என்று சொல்லி வெறும் பாலியஸ்டரைக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகம் வந்தால், வீட்டில் தையல் ஓரத்திலிருந்து ஒரு நூல் உருவி ஒரு தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். காஜாவின், அதாவது பட்டன் துளையின், ஓரம் பிசிறில்லாமல் இருக்கிறதா, பட்டன் ஆடுகிறதா, கட்டம் போட்ட சட்டை என்றால் முன்பட்டி சேரும் இடத்தில் கட்டம் பொருந்துகிறதா, இவ்வளவு பார்த்தால் போதும். லேபிளைக் கடைசியாகப் பாருங்கள்.

பில்லை வைத்துக்கொள்ளுங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருப்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துவிட்டீர்கள், அது சரியல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. முதலில் கடையில் பில்லோடு பேசுங்கள், கேட்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: முதல் துவைப்பிலேயே சாயம் விட்டதைக் குறை என்று வாதாடலாம், உட்கார்ந்தால் பட்டன் பிளப்பது அளவு தவறியது, அதற்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. உங்களுக்கு மாதங்கள் கடந்துவிட்டதால் இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

நிறம்

"நான் கருப்பு, வெள்ளை போட்டால் இன்னும் கருப்பாகத் தெரிவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை உங்களுக்கு யார் சொல்லியிருந்தாலும் தவறாகச் சொல்லிவிட்டார்கள் தம்பி. நம் ஊர் கருப்புக்கு வெள்ளைச் சட்டை மாதிரி எடுப்பாக இருக்கும் நிறம் ரொம்பக் குறைவு. வேட்டி சட்டையில் நிற்கும் உங்கள் தாத்தா போட்டோவை எடுத்துப் பாருங்கள். வெளிர் நீலம், சந்தனம், மெல்லிய கோடு போட்ட வெள்ளை, அடர் பச்சை, மெரூன் எல்லாமே நன்றாக இருக்கும். உங்கள் நிறத்துக்குப் பக்கத்திலேயே வரும் மங்கலான பழுப்பும் சாம்பல் கலந்த பச்சையும்தான் முகத்தைக் கொஞ்சம் சோர்வாகக் காட்டும், நீங்கள் "பாதுகாப்பான நிறம்" என்று எடுத்த ஐந்தில் மூன்று அந்த வகைதான். நிறத்தை மறைக்க உடுத்தாதீர்கள். வெள்ளைச் சட்டைக்கு உள்ளே வெள்ளை பனியன் போட்டால் கோடு தெரியும், சாம்பல் நிற பனியன் தெரியாது.

3,000 ரூபாயும், மாதம் 1,500-ம்

சட்டை தைப்பது எப்போதும் மலிவு என்று அப்பா சொல்வதும் முழுக்கச் சரியில்லை. அகலத் துணி என்றால் ஒரு சட்டைக்கு 1.60 மீட்டர், பேன்ட்டுக்கு 1.20 மீட்டர் வேண்டும். துணி 400, தையல் கூலி 400 என்றால் 800 ஆகிவிடுகிறது, அதே விலைக்கு நல்ல ரெடிமேட் கிடைக்கும். ஆனால் பேன்ட் தைப்பது வேறு கணக்கு. இடுப்பு, சீட், தொடை மூன்றும் ஒருவருக்கொருவர் அவ்வளவு மாறுவதால் ரெடிமேட் பேன்ட் எங்காவது ஓரிடத்தில் இடிக்கும், தைத்தது இடிக்காது, தையலுக்குள் துணி விட்டுத் தைப்பதால் இரண்டு கிலோ ஏறினாலும் பிரித்துக்கொள்ளலாம். அதனால் உங்களுக்கு என் முடிவு: சட்டை ரெடிமேட் வாங்கி ஆல்டர், பேன்ட் தையல்.

இந்த மாதம் நேவி ப்ளூவில் ஒன்று, அடர் சாம்பலில் ஒன்று என இரண்டு பேன்ட் தைக்கக் கொடுங்கள், பாலியஸ்டர் விஸ்கோஸ் கலந்த துணி மடிப்பு நிற்கும். உங்களுக்கு நன்றாக உட்காரும் ஒரு பேன்ட்டை அளவுக்குக் கொடுத்து, அடி எவ்வளவு அகலம் வேண்டும் என்று இஞ்சில் சொல்லுங்கள். "இப்போ எல்லாரும் போடுற மாதிரி" என்று சொன்னால் டெய்லர் மனதில் இருப்பது ஒன்று, உங்கள் மனதில் இருப்பது ஒன்று. மீதிப் பணத்தில் ஒரு வெள்ளைச் சட்டை, அதுவே நேர்காணல் சட்டை. அடுத்த மாதம் வெளிர் நீலம் ஒன்று, கோடு போட்டது ஒன்று. இருப்பதில் தேறும் இரண்டையும் சேர்த்தால் ஐந்து சட்டை, இரண்டு பேன்ட், எதை எதோடு போட்டாலும் சேரும். கல்யாணத்துக்கு வேட்டி சட்டை எடுக்க வேண்டியிருந்தால் கோ-ஆப்டெக்ஸையும் காதி கடையையும் பாருங்கள், காதியில் காந்தி ஜெயந்தியை ஒட்டியும் கோ-ஆப்டெக்ஸில் தீபாவளியை ஒட்டியும் 30 சதவீதத் தள்ளுபடி தருவது வழக்கம். டீ-சர்ட் வேண்டுமென்றால் திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மீந்த சரக்கு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதற்காகவே பஸ் ஏறாதீர்கள், அந்தப் பக்கம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆடித் தள்ளுபடியில் பட்டியல் இல்லாமல் நுழையாதீர்கள்.

ஷூவை மட்டும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். ரெக்ஸின் ஷூ நம் ஈரப்பதத்தில் ஒரு வருடத்துக்குள் தோல் உரியும். ஊருக்குப் போகும் வழியில் ஆம்பூர் வருகிறது என்றால் இறங்கி அங்குள்ள ஷூ கடைகளைப் பாருங்கள், தோல் ஷூவே செய்யும் ஊர் அது. அதுவரை இருக்கும் ஷூவுக்குச் சோல் ஓரம் தையல் போட்டு பாலிஷ் அடித்தால் நேர்காணலுக்குத் தாங்கும்.

துவைப்பதில் இரண்டே விஷயம். சட்டையைத் திருப்பிப் போட்டுத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். பிழிந்ததும் உதறி, பட்டன் போட்டு ஹேங்கரில் தொங்கவிட்டு, காலரையும் பட்டியையும் கையால் இழுத்து நேராக்கிவிட்டால் பாதி இஸ்திரி அங்கேயே முடிந்துவிடும்.

கடைசியாக அப்பா தைத்துக்கொடுத்த அந்தச் சட்டை. பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், எடுங்கள். பெரிய சட்டை என்பதால் அதைச் சரிசெய்ய முடியும். பழக்கமான ஆல்டர் கடையில் கொடுத்து, கையைப் பிரித்துத் தோளில் ஒன்றரை இஞ்ச் குறைக்கச் சொல்லுங்கள், அரைக்கையை ஒன்பது இஞ்சுக்குக் கொண்டுவந்து, பக்கம் பிடித்து, நீளம் இரண்டு இஞ்ச் எடுக்கச் சொல்லுங்கள். 200, 250 ரூபாய் ஆகும். வெட்டுவதற்கு முன் சட்டையை உங்கள் மேல் போட்டு ஊசி குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள்.